பாதி வாக்கியத்துக்குக் கையெழுத்து

குன்னூரில் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் நான்கு ஆண்டுகள் உயிரியல் நடத்தினேன். ஐந்தாம் ஆண்டின் பாதியில் என்னை வெளியே அனுப்பினார்கள். நான் யாரையும் அடிக்கவில்லை, வினாத்தாளை வெளியே விடவில்லை, ஒருநாள்கூட மணி அடித்த பிறகு உள்ளே நுழைந்ததில்லை. ஒரு நன்றியுரை சொன்னேன். அவ்வளவுதான்.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்கு இருபத்தெட்டு வயது. வாரம் முழுக்கக் குன்னூர் மார்க்கெட்டை ஒட்டிய ஒரு மாடியறையில் இருப்பேன். சனிக்கிழமை மதியம் கோத்தகிரி பஸ்ஸைப் பிடித்து, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் கீழ் கோத்தகிரிப் பக்கம் இறங்கி, அம்மா இருந்த லயத்துக்கு, எஸ்டேட்டின் வரிசை வீட்டுக்குப் போவேன். அம்மா தேயிலைக் கொழுந்து பறிப்பவர். இலங்கையில் பறித்தார், எழுபதுகளில் இரு நாட்டு ஒப்பந்தப்படி எங்களைக் கப்பலேற்றி அனுப்பிய பிறகு இங்கே வந்தும் அதையே பறித்தார். அந்த எஸ்டேட் லயங்களிலிருந்து பட்டம் வாங்கிய முதல் பெண் நான்தான் என்று சொல்வார்கள். உண்மையா என்று எனக்குத் தெரியாது. யாரும் விசாரித்துப் பார்த்ததில்லை.

தெரியாததைத் தெரியாது என்று சொல்வது எனக்குச் சிறுவயதிலிருந்தே பழக்கம். அதனால் பெரிய தொல்லை எதுவும் வந்ததில்லை, பிளஸ் டூ வகுப்புக்குப் பரிணாமம் நடத்தத் தொடங்கும் வரை.

நான் நடத்திய விதம் இதுதான். முதலில் பிள்ளைகளைத் தங்கள் கன்னத்தின் உட்புறத்தைத் தீக்குச்சியின் பின்பக்கத்தால் மெல்லச் சுரண்டச் சொல்வேன். அதைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் விட்டு, எங்களிடம் இருந்த ஒரே மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்வேன். நடுவில் பொட்டு வைத்தது போலக் கரு தெரியும். பிறகு தயிரில் ஒரு சொட்டு. அதிலும் உயிர்கள் உண்டு. ஆனால் துளித்துளியாக, கரு என்று எதுவும் இல்லாமல். இந்தக் கருவில்லாத உயிர்கள்தான் உலகத்தை நெடுங்காலம் தனியாக ஆண்டன, நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேலாக இங்கே வேறு யாருமே இல்லை என்று சொல்வேன். அப்புறம் எப்படியோ கரு உள்ள செல் வந்தது. காளானும் சில்வர் ஓக்கும் காட்டெருமையும் நாமும் அந்த வழியில் வந்தவர்கள்.

"எப்படியோன்னா எப்படி மிஸ்?" என்று கேட்பார்கள்.

கரும்பலகையின் நடுவில் ஒரு கோடு போட்டு இடது பக்கம் தெரிந்தவற்றையும் வலது பக்கம் தெரியாதவற்றையும் எழுதுவேன். செல்லுக்குச் சக்தி தருகிற மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் தனியாகத் திரிந்த பாக்டீரியா, அது இன்னொரு செல்லுக்குள் போய் அங்கேயே குடியிருந்துவிட்டது என்பது இடது பக்கம். கரு எப்படி உண்டானது என்பது வலது பக்கம். குடியேறியது முதலில் நடந்ததா, கரு முதலில் வந்ததா என்பதும் வலது பக்கம். இரண்டு உயிர்கள் ஒன்றாகிப் பிழைக்குமா என்று சந்தேகப்பட்டவர்களிடம், வீட்டில் பிரியாணிக்குப் போடுகிற கல்பாசியைக் கொண்டுவரச் சொன்னேன். அதில் ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் பிரிக்க முடியாமல் சேர்ந்து வாழ்கின்றன. அடுத்த நாள் வகுப்பறை முழுக்க மசாலா வாசனை.

பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் இதைப் பற்றிப் புகார் சொன்னார். அவர் குந்தா மின்நிலையத்தில் ஷிப்ட் பார்க்கிற ஆபரேட்டர். மகளை எங்கள் ஹாஸ்டலில் விட்டிருந்தார். மகள் டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. மிஸ் பாதிக் கேள்விக்குத் தெரியாது என்கிறாராம், அப்படியானால் பிள்ளை பரீட்சையில் என்ன எழுதும் என்று கேட்டார். கேட்டது நியாயமான கவலைதான்.

தாளாளர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கேட்காமலே பத்து நாள் லீவு கொடுத்தவர். ஆனால் பள்ளிக்கூடம் என்பது பதில்கள் இருக்கிற இடம் என்று உறுதியாக நம்பினார்.

"ஏனுங்க மிஸ், தெரியாதுன்னு சொல்றதுக்கு ஒரு மிஸ் எதுக்குங்க? அதை அவங்களே சொல்லிக்குவாங்கல்ல?" என்றார்.

எதைத் தெரியாது என்று சொல்வதற்கும் முதலில் நிறையத் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் பதில் சொன்னேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு மாதம் கழித்துப் பள்ளியின் ஆண்டு விழா வந்தது. சிறப்பு விருந்தினர் கோயம்புத்தூரிலிருந்து வந்தார். ஓய்வு பெற்ற பொறியாளர். ஊர் ஊராகப் போய்ப் பரிணாமத்துக்கு எதிராகப் பேசுகிறவர். அவர் எந்த மதம் என்பதை எழுதப் போவதில்லை. எல்லா மதத்திலும் அவரைப் போன்றவர்களையும் பார்த்திருக்கிறேன், அவருக்கு நேர் எதிரானவர்களையும் பார்த்திருக்கிறேன். நிகழ்ச்சி நிரலை முதல் நாள் பலகையில் ஒட்டினார்கள். கடைசி வரியில், நன்றியுரை என்பதற்கு நேராக என் பெயர் இருந்தது. வழக்கமாக அதைத் தமிழாசிரியர்தான் செய்வார். விசாரித்தபோது, இந்த முறை பேச்சு உங்கள் பாடம் சம்பந்தப்பட்டதல்லவா, அதனால்தான் என்றார்கள். எனக்குப் புரிந்தது. மேடையில் நின்று, எல்லோர் முன்னாலும், நான் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அவர் நன்றாகப் பேசினார் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். புரொஜெக்டரில் படங்களைப் போட்டு, குரலை உயர்த்தாமல், நடுநடுவே சிரிக்க வைத்துப் பேசினார். முதல் உயிர் எப்படி வந்தது என்று விஞ்ஞானிகளுக்குத் தெரியாது என்றார். பாக்டீரியாவிலிருந்து கரு உள்ள செல் எப்படி வந்தது என்றும் தெரியாது. விலங்குகள் பாறைகளில் திடீரென்று தோன்றுகின்றன, அதற்கு முன் சுத்தமாக ஒன்றுமில்லை. விஞ்ஞானிகளே தங்களுக்குள் அடித்துக்கொள்கிறார்கள். கடைசியில் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். "இத்தனையும் தெரியாதாம். ஆனா குரங்குல இருந்து வந்தோம்னு மட்டும் தெரியுமாம்." அரங்கம் முழுக்கச் சிரித்தது. என் மாணவிகள் சிரிக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார்கள். அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது.

நன்றியுரையை எழுதி வைத்திருந்தேன். ஒரு பக்கம். தலைவருக்கு நன்றி, விருந்தினருக்கு நன்றி, ஒலிபெருக்கி அமைத்தவருக்கு நன்றி. மைக் முன்னால் போய் நின்றேன். தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

விருந்தினர் நான்கு செய்திகள் சொன்னார், நான்குக்கும் நன்றி என்று தொடங்கினேன். அதில் இரண்டு உண்மை. முதல் உயிர் எப்படி வந்தது என்று தெரியாது, உண்மை. கரு எப்படி வந்தது என்று தெரியாது, அதுவும் உண்மை; இதையே எங்கள் வகுப்பில் ஜூலை மாதமே எழுதிப் போட்டோம். ஆனால் விலங்குகளுக்கு முன்னால் பாறையில் ஒன்றுமே இல்லை என்பது சரியல்ல. மெத்தென்ற உடம்புள்ள உயிர்களின் தடங்கள் அதற்கும் முந்தைய பாறைகளில் கிடைத்திருக்கின்றன, கிடைத்துப் பல காலமும் ஆகிறது. விஞ்ஞானிகள் சண்டை போடுவது நிஜம். எந்த வழியாக நடந்தது என்றுதான் சண்டை. நடந்ததா இல்லையா என்று அல்ல. நம் ஒவ்வொரு செல்லிலும் மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனி டிஎன்ஏ இருக்கிறது. பாக்டீரியாவுடையதைப் போல வட்டமாக இருக்கிறது. அது பாக்டீரியாவைப் போலவே இரண்டாகப் பிளந்து பெருகுகிறது. இதெல்லாம் நாமே கண்டுபிடித்த சாட்சி. தெரியாதது நிறைய இருக்கிறது என்பதற்காக இந்தச் சாட்சி எழுந்து போய்விடாது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"விருந்தினர் நேரமில்லாமல் விட்டுவிட்ட மூன்றை நானே சேர்த்துத் தருகிறேன். அடுத்த ஊரில் பேசும்போது பயன்படும். ஆண் பெண் என்ற ஏற்பாடு எதற்காக வந்தது, தெரியாது. தனித்தனியாகத் திரிந்த செல்கள் எதற்காக ஒன்று கூடி உடம்பாயின, தெரியாது. மைட்டோகாண்ட்ரியா முதலா கரு முதலா, தெரியாது. எங்கள் பிள்ளைகளில் யாராவது ஒருவர் ஒருநாள் கண்டுபிடிக்கலாம். அதற்கு முன்னால் அவர்களிடம் போய், தெரியாததால் எல்லாம் பொய் என்று தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். நன்றி, வணக்கம்."

கைதட்டல் வந்தது. பின் வரிசையிலிருந்துதான் வந்தது. முன் வரிசை அசையவில்லை. விருந்தினர் மட்டும் என்னைப் பார்த்துத் தலையசைத்துக் கும்பிட்டார். அவருக்கு இது புதிதல்ல போலிருக்கிறது. ஒலிபெருக்கிக்காரருக்கு நன்றி சொல்ல மறந்துவிட்டேன் என்பது கீழே இறங்கிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. அவர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். போய் நேரில் சொல்லிவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை தாளாளர் அறையில் ஒரு கடிதம் தயாராக இருந்தது. தட்டச்சு செய்து, என் பெயருக்கு மேல் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். ஒரே வாக்கியம்தான். உயிரின் தோற்றம் பற்றியும் சிக்கலான உயிர்களின் தோற்றம் பற்றியும் அறிவியலுக்கு இன்னும் முழு விடை தெரியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆகவே பரிணாமம் என்பது வெறும் ஊகமே என்றும் விழாவில் நான் பேசியது தவறு என்றும் ஏற்றுக்கொள்கிறேன்.

விருந்தாளியைக் கூப்பிட்டு வைத்து அவமானப்படுத்திவிட்டேன் என்றார் தாளாளர். அந்தக் குற்றச்சாட்டில் கொஞ்சம் உண்மை இருந்தது. கடைசியில் சேர்த்த மூன்றையும் நான் மரியாதைக்காகச் சேர்க்கவில்லை. "திங்கக்கெழமை கையெழுத்தோட வாங்க மிஸ். நீங்க நல்ல டீச்சருங்க. இதோட முடிச்சுக்கலாம்," என்றார்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை அம்மாவிடம் போனேன். வழியெல்லாம் மூடுபனி. பஸ்ஸில் உட்கார்ந்து, கையெழுத்துப் போட்டால் என்ன கெட்டுப்போகும் என்று யோசித்தபடியே வந்தேன். வகுப்பில் நான் நடத்துவதை யார் வந்து தடுக்கப் போகிறார்கள்? ஒரு தாள்தானே. பாதி வழியில் கையெழுத்துப் போடுவது என்று முடிவே செய்துவிட்டேன்.

அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். பாக்டீரியா, கரு எல்லாம் அவருக்கு எட்டாது என்று நினைத்து, சுருக்கமாகச் சொன்னேன்: எங்கிருந்து தொடங்கியது என்று முழுதாகத் தெரியாது, அதனால் எல்லாம் கற்பனை என்று எழுதித் தரச் சொல்கிறார்கள். அம்மா தேயிலைச் செடி கீறிய விரல்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். தடவி முடித்தார். பிறகு, நான் அதுவரை கேட்டிராத ஒன்றைச் சொன்னார்.

கப்பலை விட்டு இறங்கி முகாமில் வரிசையில் நின்றபோது ஒரு படிவம் நிரப்பினார்களாம். அதில் பூர்வீக ஊர் என்று ஒரு கட்டம். அம்மாவுக்கு அது தெரியாது. திருச்சிப் பக்கம் என்று அவருடைய தாத்தா சொல்லிக் கேட்டது மட்டும்தான். எழுதிக்கொண்டிருந்தவர், ஏதாவது ஓர் ஊரைச் சொல்லம்மா, கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்றாராம். முன்னால் நின்றவர்கள் பக்கத்தில் இருப்பவரின் ஊரைக் கடன் வாங்கிச் சொன்னார்கள். அம்மா மாட்டேன் என்றுவிட்டார். தெரியாது என்று எழுதுங்கள் என்றார். ஊர்ப் பெயர் இல்லாத அந்தக் கட்டத்தால் ரேஷன் கார்டு வாங்க எங்களுக்கு மற்றவர்களைவிட அதிக நாள் ஆனது. எனக்குச் சின்ன வயதில் அந்த அலைச்சல் நினைவிருக்கிறது. காரணம் தெரிந்ததில்லை.

"எங்க பாட்டன் மன்னாருல எறங்கி காட்டு வழியா நடந்தே மலைக்குப் போனாரு. வழியில அவரோட ரெண்டு தங்கச்சிமாரு செத்துப் போச்சு. அதுக பேரு எனக்குத் தெரியும். எந்த ஊர்லேருந்து பொறப்பட்டாகன்னுதான் தெரியாது. அது தெரியலங்கிறதுக்காக, அவுக நடக்கவே இல்லன்னு ஒருத்தன் எழுதிக் கேட்டா நான் கைநாட்டு வச்சிருவனா புள்ள?"

அம்மா எழுந்து போய் ரொட்டிக்கு மாவு பிசையத் தொடங்கினார்.

திங்கட்கிழமை காலை தாளாளர் அறைக்குப் போனபோது, குந்தா ஆபரேட்டர் அங்கே உட்கார்ந்திருந்தார். ஆண்டு விழாவுக்கு வந்திருந்தவர், ஷிப்ட் முடிந்து முதல் பஸ்ஸில் திரும்பவும் வந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். இதெல்லாம் தன் புகாரில் தொடங்கியது என்று மகள் சொல்லித் தெரிந்துகொண்டாராம். தாளாளரிடம் அவர் பேசியது இன்றும் என் காதில் இருக்கிறது.

"மிஷின் டிரிப் ஆகித் தானா நின்னுட்டா எங்க லாக் புக்குல காரணம் எழுதோணுங்க. தெரியலீன்னா, காரணம் தெரியலைன்னே எழுதோணும். வாய்க்கு வந்ததை எழுதி வெச்சா அடுத்த ஷிப்ட்டுக்காரன் அதை நம்பிக் கைய வெப்பானுங்க. உசுரு போயிரும். காரணம் தெரியலைங்கிறதுக்காக மிஷினே டிரிப் ஆகலைன்னும் நாங்க எழுதறதில்லீங்க. நான் அன்னிக்குப் புரியாமப் பேசிப்போட்டேன். மிஸ் மேல எனக்குப் புகார் இல்லீங்க."

அது மிஷின் விஷயம், இது உயிர் விஷயம் என்றார் தாளாளர்.

"அதுனாலதானுங்க சொல்றேன்," என்றார் அவர்.

தாளாளர் என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். நான் கடிதத்தை மேசையில் வைத்து, அவருடைய பேனாவையே வாங்கி, 'ஆகவே' என்ற சொல்லிலிருந்து கடைசி வரை கோடு போட்டு அடித்தேன். 'ஒப்புக்கொள்கிறேன்' என்பதற்குப் பிறகு ஒரு முற்றுப்புள்ளி வைத்தேன். கீழே கையெழுத்தும் தேதியும் போட்டு நீட்டினேன்.

அவர் அதை இரண்டு முறை படித்தார். "இதுக்கு நீங்க போடாமயே இருந்திருக்கலாமுங்க," என்றார்.

மேலே இருப்பது உண்மை, அதற்கு எத்தனை கையெழுத்து வேண்டுமானாலும் போடுகிறேன் என்றேன்.

அந்த வார முடிவில் என்னை நிறுத்திவிட்டார்கள். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு நெருங்கியிருந்தது. அதை நினைத்துத்தான் அழுதேன். குந்தாக்காரரின் மகள் மட்டும் ஹாஸ்டல் வாசலில் வந்து, யாருக்கும் தெரியாமல், தன் பயிற்சி நோட்டைக் கொடுத்து, பார்த்துத் தரச் சொன்னாள். கேட் ஓரத்தில் நின்றபடியே திருத்திக் கொடுத்தேன்.

அதன் பிறகு ஓர் ஆண்டுக்கு மேல் கீழ் கோத்தகிரியில்தான் இருந்தேன். சும்மா இருக்கப் பிடிக்காமல், ஆள் குறைந்த நாட்களில் அம்மாவோடு கொழுந்து பறிக்கவும் போனேன். எனக்குச் சரியாக வராது. முற்றிய இலையையும் சேர்த்துப் பறித்துவிடுவேன். படித்துப் பட்டம் வாங்கியது இதற்குத்தானா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். பாவம், அவசரப்பட்டுவிட்டாள் என்றவர்களும் இருந்தார்கள். அந்தப் பரிதாபம்தான் அதிகமாக எரிச்சலூட்டியது. நான் அவசரப்படவில்லை. ஒரு சனி, ஒரு ஞாயிறு முழுக்க யோசித்துத்தான் செய்தேன். மழையில் நனைந்து குளிர் ஏறிய சில மாலைகளில், போட்டுத் தொலைத்திருக்கலாமோ என்று தோன்றியதுண்டு. அந்த நினைப்பு குளிர் விட்டதும் போய்விடும்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் எப்போதோ பதிந்து வைத்த பெயருக்கு ஒருநாள் அழைப்பு வந்தது. கூடலூருக்கு அப்பால், ஓவேலிப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப்பள்ளி. யாரும் விரும்பிப் போகாத இடம். யானை நடமாட்டம், அட்டை, ஜூன் தொடங்கினால் நிற்காத மழை. பிள்ளைகள் எல்லாம் எஸ்டேட் பிள்ளைகள். தமிழும் மலையாளமும் கலந்து பேசினார்கள். தலைமையாசிரியர் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தைக் கையில் கொடுத்து, பரிணாமம் கடைசிப் பாடம், பெரும்பாலும் அதுவரை போக நேரம் இருக்காது, விட்டுவிட்டாலும் பாதகமில்லை என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

நான் அந்தப் பாடத்தை ஜூன் மாதம் முதல் வாரமே எடுத்தேன். தகரக் கூரையில் மழை அடித்த இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கத்தித்தான் நடத்தினேன். கரு எப்படி வந்தது என்று இன்னும் யாருக்கும் உறுதியாகத் தெரியாது என்று கத்தினேன். முன் பெஞ்சில் இருந்த ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

"டீச்சரே, அறியில்லன்னு எழுதினா மார்க் கிட்டுமோ?"

எது தெரியும், எது தெரியாது, ரெண்டையும் சரியாகப் பிரித்து எழுதினால் கிடைக்கும் என்றேன்.

"பப்ளிக் பரீட்சையிலயோ?"

"அங்கே கிடைக்காது. என்கிட்ட கிடைக்கும்."

ஓய்வு பெறும் வரை கொடுத்தேன்.